லொறிக்கு வாப்பா என்று பெயர் வைத்த கதை

உங்கள் விசேட கல்வி அலகுகளுக்கெல்லாம் ஒவ்வொரு டெப், அதுதான் அந்தத் தொடுதிரைக் கணினி, கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். சில இடங்களுக்குப் புரொஜெக்டரும் வந்திருக்கிறதாம். இன்னும் சந்தோஷம். ஆனால் போன கிழமை உங்களில் ஒருவர் எனக்குப் போன் எடுத்து, "டீச்சர், எந்தப் படத்தப் போட்டா புள்ளைக்கு விளங்கும்?" என்று கேட்டார். காலமெல்லாம் இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு சுத்தமான பதில் இல்லை. இருக்கிறது என்று பயிற்சிச் செயலமர்வில் யாராவது உங்களுக்குச் சொன்னால், தலையை ஆட்டிவிட்டு, தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வாருங்கள்.

என்னிடம் இருப்பது ஸுமையாவின் கதைதான். அதைச் சொல்கிறேன். பேசாத ஒரு பிள்ளை தன் வாப்பாவைக் கூப்பிடுவதற்கு ஒரு வழி செய்து கொடுக்கப் போய், வாப்பாவையே அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேனோ என்று நான் கலங்கி நின்ற கதை. எத்தனையோ தரம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் செய்தோம். மறுபக்கம் பார்த்தால் தலை சுற்றுகிறது.

நான் கடைசியாகக் கற்பித்த பாடசாலை கற்பிட்டி வீதியில், எத்தாளைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். முன்னால் தார் வீதி, பின்னால் களப்பு. அலகு என்றால் ஒரேயொரு அறைதான். நானும் ரிஸ்னா டீச்சரும் இருந்தோம். ரிஸ்னா அப்போதுதான் நியமனம் பெற்று வந்தவர். போனையும் டெப்பையும் கண்ணை மூடிக்கொண்டே இயக்குவார். எனக்குக் கைக்கு வந்ததெல்லாம் வெண்கட்டியும் கத்தரிக்கோலும்தான்.

யாரோ ஒரு நல்ல மனிதர் எங்களுக்கு ஒரு டெப் வாங்கித் தந்தார். அதற்குள் படங்கள் ஏற்கெனவே இருந்தன. படத்தை விரலால் அமர்த்தினால் அது பேசும். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் இருந்த வீட்டுக்குப் புகைபோக்கி இருந்தது. சாப்பாடு என்ற படத்தில் இரண்டு துண்டு பாணுக்கு நடுவில் ஏதோ பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது. தகப்பன் என்ற படத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டு நின்றார். எங்கள் பிள்ளைகள் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். அவர்களுக்கு அவர் யார்?

ஆகவே படங்களை நாங்களே எடுப்பது என்று தீர்மானித்தோம். எங்கள் பாண், எங்கள் தண்ணீர்ப் போத்தல், எங்கள் பாய், எங்கள் கழிப்பறை. ரிஸ்னாவின் குரலைப் பதிவு செய்தோம். ஸுமையா முதன்முதலில் பிடித்துக்கொண்டது கழிப்பறைப் படத்தைத்தான். அமர்த்துவாள், எழும்பிப் போவாள், வருவாள். எனக்குத் தலை கால் புரியாத சந்தோஷம். பிறகு ஒரு நாள் உள்ளே போனவள் உடனே வெளியே வந்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். கடைசியில் வாசலிலேயே சட்டையை நனைத்துக்கொண்டு நின்று அழுதாள். நாங்கள் கதவைப் பார்த்தோம், விளக்கைப் பார்த்தோம், பல்லி கில்லி இருக்கிறதா என்று மூலையெல்லாம் பார்த்தோம். ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் வாளி கண்ணில் பட்டது. முந்தின நாள் பழைய நீல வாளி வெடித்துப்போய் ஒரு சிவப்பு வாளி வைத்திருந்தார்கள். படத்தில் இருந்தது நீல வாளி. நான் கழிப்பறை என்று எடுத்த படத்தில் அவள் பார்த்தது வாளியை. ரிஸ்னா நுரைச்சோலைச் சந்திவரை போய் ஒரு நீல வாளி வாங்கி வந்தார்.

அந்த வாளியோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஸுமையாவுக்கு அப்போது வயது எட்டோ ஒன்பதோ. ஓட்டிசம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். அவளுடைய வாப்பா ஜவ்பர் லொறி ஓட்டுகிறவர். முதலாளி ஒருவரின் நீல லொறியில் கற்பிட்டித் தோட்டங்களிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் போய் வருவார். காலையில் மகளை அந்த லொறியிலேயே கொண்டுவந்து விடுவார். அவள் ஆசனத்தில் உட்கார மாட்டாள். ஆசனத்துக்குக் கீழே கால் வைக்கிற இடத்தில் சுருண்டு உட்கார்ந்துதான் வருவாள். வாசலில் இறக்கிவிட்டு, "போய்ட்டு வா மகள்" என்பார். அவள் திரும்பிப் பார்த்ததேயில்லை.

நம் வேலையில் ஒரு விதி இருக்கிறது, உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் உள்ள அதே படம் வீட்டிலும் இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் இரண்டு படம் என்றால் பிள்ளை குழம்பிப்போகும். அதனால் படங்களை அச்சடித்து, லேமினேட் செய்து, ஸுமையாவின் வீட்டுச் சுவரில் ஒட்டுவதற்கு எடுத்துக்கொண்டு போனேன். உம்மா, வாப்பா, டீச்சர் என்று முகங்களும் அதில் இருந்தன.

ஜவ்பர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். பிறகு முகங்களை மட்டும் தனியாக எடுத்து, மரியாதையாக என் கையில் திருப்பித் தந்தார்.

"டீச்சர் கோவிக்க வேணாம். படம் ஒட்ட வேணாம் எண்டு நான் சொல்லல்ல. பாண், தண்ணி, சட்டை, என்ன வேணுமெண்டாலும் ஒட்டுங்க. மூஞ்சி உள்ள படம் மட்டும் வேணாம். எங்களுக்கு இந்த ஒரு அறதான். இதுக்குள்ளதான் தொழுறோம், உருவப்படம் இருக்கக்கூடாது."

அவரோடு வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலும் கலியாண அல்பம் அலுமாரிக்குள்தான் கிடக்கிறது. ஆனால் அவருடைய மனைவி விடவில்லை.

"போனுக்குள்ள மட்டும் இவர்ட மூஞ்சி நெறஞ்சி கெடக்கு டீச்சர். லொறிக்கு முன்னால நிண்டு ஒண்டு, லொறில சாஞ்சி நிண்டு ஒண்டு."

"அது சுவர்ல இல்லதானே!" என்றார் ஜவ்பர். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

முகம் இல்லாமல் ஆட்களை எப்படிக் காட்டுவது? அங்கேயே பாயில் உட்கார்ந்து யோசித்தோம். ஆளுக்குப் பதிலாக அவருடைய பொருள். எனக்கு என் மூக்குக்கண்ணாடி. உம்மாவுக்கு அவருடைய கறுப்புக் குடை. வாப்பாவுக்கு என்ன என்று கேட்க முதலே ஜவ்பர் எழும்பி வெளியே போய், ஒரு துணியை நனைத்து, லொறியின் முன்பக்கத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். "வடிவா எடுங்க டீச்சர், நம்பர் பிளேட்டும் விழட்டும்" என்றார். எடுத்தேன். அதே படத்தை டெப்பிலும் போட்டோம். விதி விதிதானே. லொறிப் படத்தை அமர்த்தினால் ரிஸ்னாவின் குரல் "வாப்பா" என்று சொல்லும்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு நாள் ஸுமையா டெப்பை இழுத்து மடியில் வைத்து, விரலால் அந்த லொறியை அமர்த்தினாள். "வாப்பா." மறுபடியும் அமர்த்தினாள். "வாப்பா." அன்று கூட்டிப்போக வந்திருந்த உம்மா வாசலிலேயே குந்திவிட்டார். "யா அல்லாஹ், என்ட புள்ள வாப்பாவக் கேக்குறா, என்ட புள்ள வாப்பாவக் கேக்குறா" என்று அழுதார். நானும் அழுதேன். மறைப்பானேன், அடுத்த செயலமர்வில் இதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன்.

பிறகு ஜவ்பருக்கு இருந்த நீரிழிவு, சீனி வருத்தம், கண்ணில் இறங்கியது. ஒரு கண் மங்கிப்போயிற்று. இனிமேல் வாகனம் ஓட்டக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளி லொறியைச் சிலாபம் பக்கத்து சுனில் என்ற சாரதியிடம் கொடுத்தார். ஜவ்பருக்குக் களப்போரமாக ஓர் இறால் பண்ணையில் காவல் வேலை கிடைத்தது. எங்கள் பாடசாலையிலிருந்து பஸ்ஸில் போனால் கொஞ்சத் தூரம். களப்பு ஓரமாக நடந்தால் குறுக்குவழி.

ஸுமையா உம்மாவோடு நடந்து வரத் தொடங்கினாள். நாளெல்லாம் லொறிப் படத்தை அமர்த்திக்கொண்டேயிருந்தாள். "வாப்பா, வாப்பா, வாப்பா." நாங்களும் பாவம் பிள்ளை என்று, "வாப்பா பின்னேரம் வருவாங்க மகள்" என்போம். சொன்னபடி ஒரு பின்னேரம் அவர் வந்தார். நடந்து வந்தார். ஸுமையா அவரைத் தாண்டிக்கொண்டு போய்க் கேற்றடியில் நின்று வீதியைப் பார்த்தாள்.

"கோவம் போல டீச்சர். கொண்டுவந்து உடுறல்லதானே இப்ப" என்றார் ஜவ்பர்.

"கோபம்தான். ரெண்டு நாளைல சரியாப் போகும்" என்றேன் நான். பெரிய மேதாவி!

சரியாகப் போகவில்லை. ஒரு நாள் இடைவேளையில் ரிஸ்னா பிள்ளைகளுக்குத் தண்ணீர் நிரப்பப் போனார். நான் ஒரு சிறுவனின் சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஸுமையாவின் பாய் வெறுமையாகக் கிடக்கிறது. டெப் மட்டும் இருக்கிறது. கழிப்பறையில் இல்லை. மரத்தடியில் இல்லை. பின்பக்கத்து வேலி ஓரிடத்தில் சரிந்து கிடந்தது எனக்கு ஏற்கெனவே தெரியும். அதற்கு அந்தப் பக்கம் களப்பு.

டெப்பைத் தூக்கிப் பார்த்தேன். அமர்த்திய படங்களெல்லாம் மேலே வரிசையாக நிற்கும். லொறி, லொறி, லொறி, லொறி. அந்த நேரத்தில் என் மூளை எவ்வளவு வேகமாக ஓடியது தெரியுமா? பிழையான பக்கத்துக்குத்தான் அவ்வளவு வேகம். வாப்பா, வாப்பா என்கிறாள். வாப்பாவைத் தேடிப் போயிருக்கிறாள். வாப்பா இருப்பது இறால் பண்ணையில். குறுக்குவழி களப்பு ஓரம்.

"களப்புக்குப் போங்க! கெதியா ஓடுங்க! பண்ணப் பக்கம் போங்க!" என்று நான் கத்திய கத்தில் மேல் வகுப்புப் பிள்ளைகள், ஆசிரியர்மார், எதிர்க்கடையில் நின்றவர்கள் எல்லோரும் வேலியைத் தாண்டி ஓடினார்கள். அதிபர் சப்பாத்தோடேயே சேற்றுக்குள் இறங்கினார். வலை கழுவிக்கொண்டிருந்த இரண்டு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இடுப்பளவுக்குப் போய்க் காலால் தடவினார்கள். அவர்கள் காலால் தடவுவதைப் பார்த்ததும் போனை எடுத்தேன். ஜவ்பரைக் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்று தெரியாது. அவர் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார், நான் இந்தப் பக்கத்திலிருந்து ஓடினேன், கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் சந்தித்தோம்.

"உங்களத் தேடித்தான் வந்திருக்கா தம்பி. வாப்பா வாப்பா எண்டுதான் கடைசியா அமத்தியிருக்கா."

"எத அமத்தினா டீச்சர்?"

"உங்கட படத்தத்தான்."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ட படம் ஏது டீச்சர்? லொறியா?"

"ஓம், லொறி."

"அப்ப அவ களப்புக்கு வரல்ல. லொறிக்குப் போயிட்டா."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. லொறி என்றால் வாப்பா, வாப்பா என்றால் நீங்கள், நீங்கள் இங்கேதானே நிற்கிறீர்கள் என்று நான் அவரிடமே விளக்கப் பார்த்தேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. போனை மங்காத கண்ணுக்குக் கிட்டப் பிடித்து சுனிலின் இலக்கத்தைத் தேடினார்.

சுனில் பாலாவியை நெருங்கிக்கொண்டிருந்தாராம். எங்கள் பாடசாலைக்கு எதிர்க்கடையில் தேத்தண்ணிக்கு நிறுத்திவிட்டுப் போனாராம். ஓரங்கட்டிப் பார்க்கச் சொன்னார் ஜவ்பர். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு சுனிலின் குரல், முதலில் சிங்களத்தில் கடவுளைக் கூப்பிட்டது.

"அநே தெய்யனே! பேபி இங்க இருக்கு நாநா. கீழ, கால் வைக்கிற எடத்துல உக்காந்து இருக்கு. ஒண்டும் இல்ல, பயப்பட வேணாம். சிரிச்சிக்கிட்டு இருக்கு."

ஜவ்பர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று நான் எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது.

லொறி திரும்பி வந்தது. வாசலில் ஊரே கூடி நின்றது. உம்மா வந்திருந்தார். அழுது அழுது அவருக்குக் குரல் அடைத்துவிட்டது. ஜவ்பர் பக்கக் கதவைத் திறந்து கையை நீட்டினார். "வாங்க மகள், வாப்பா வந்தீக்கிறன், வாங்க." ஸுமையா அவரைப் பார்க்கவில்லை. சாரதி ஆசனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியிருந்த சுனில், வேறென்ன செய்வது என்று தெரியாமல், வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். தூக்கப் போனால் கதறுகிறாள். கையை எடுத்தால் மறுபடி ஆசனத்தைப் பார்க்கிறாள்.

ஜவ்பர் லொறியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். இயந்திரத்தைப் போடவில்லை. சும்மா உட்கார்ந்தார்.

ஸுமையா இரண்டு கையையும் உதறி, "ம்ம், ம்ம்" என்று சந்தோஷத்தில் ஆடினாள். வாப்பாவின் முழங்காலில் தலையை முட்டினாள்.

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவ்வளவு பேருக்கு முன்னால். "என்ட புள்ளைக்கு நான் லொறியா டீச்சர்? இதுல இருந்து எறங்கினா நான் யாருமில்லையா?" என்று கேட்டார். இன்றைக்கும் அதைத்தான் யோசிக்கிறேன். அவள் தேடியது லொறியையா, லொறிக்குள் இருக்கும் வாப்பாவையா, அல்லது காலையில் அந்த இருட்டு மூலையில் சுருண்டு வருகிற அந்த ஒன்றையா? அவளுக்கு அது மூன்றும் வேறு வேறா என்றாவது நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுநாள் அலகில் கூடினோம். ரிஸ்னா தெளிவாக இருந்தார். லொறிப் படத்தை அழிக்க வேண்டும். "இண்டைக்கு சுனில் நல்ல மனிசன். நாளைக்கு வேற ஒரு நீல லொறிக்குள்ள ஏறிட்டா என்ன செய்யிற டீச்சர்?" அதுவும் நியாயம். ஆனால் பேசத் தெரிந்த ஒரு பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சொல்லை நாம் அழிப்போமா? அதுவும் நியாயம். நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஜவ்பர்தான் பேசினார். "டீச்சர், என்ட மூஞ்சிய எடுங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மௌலவிட்டக் கேட்டேன். புள்ளைட வாய்க்குத்தானே, தேவைக்குத்தானே, தாராளமாப் போடுங்க எண்டு சொல்லிட்டார். இத ஏன் முதல்லயே வந்து கேக்கல்ல எண்டு என்னையே ஏசினார். சுவர்ல வேணாம். இதுக்குள்ள போடுங்க."

எனக்கு வந்த கோபம்! யார் மீது என்றுதான் தெரியவில்லை. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருவர் மனத்தை ஒருவர் நோகடிக்கக்கூடாது என்று இரண்டு பேரும் மரியாதையாக ஒரு லொறியைப் போய்ப் படம் எடுத்திருக்கிறோம்.

முகத்தை எடுத்தோம். தொப்பியோடு எடுப்பதா, தொப்பியில்லாமல் எடுப்பதா? வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடியோடா, இல்லாமலா? வாளியில் சூடு கண்டவர்கள் நாங்கள், ஒவ்வொன்றுக்கும் பயந்தோம். கடைசியில் அவர் பண்ணையிலிருந்து வருகிற கோலத்திலேயே, பின்னால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து எடுத்தோம். அந்த முகத்துக்கு "வாப்பா" என்று குரல் கொடுத்தோம். லொறிப் படம் இனிமேல் "லொறி" என்று சொல்லும் என்று மாற்றினோம்.

உம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சீறினார். "நல்லாத்தான் இருக்கு உங்கட வேல! நேத்து வரைக்கும் வாப்பா எண்டு சொன்ன படம் இண்டைக்கு லொறி எண்டு சொன்னா எனக்கே பைத்தியம் புடிக்கும். அவ என்ன செய்வா?"

அவர் சொன்னதுதான் நடந்தது. ஸுமையா லொறியை அமர்த்தினாள். "லொறி." கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். மறுபடி அமர்த்தினாள். "லொறி." டெப்பைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். ஓங்கி அடித்தாள். பிறகு அதைத் தள்ளி வைத்தாள். அன்றிலிருந்து எதையுமே அமர்த்தவில்லை. தண்ணீரை அமர்த்தவில்லை, பாணை அமர்த்தவில்லை. கழிப்பறைப் படத்தைக் கூட விட்டுவிட்டாள். மறுபடி சட்டையை நனைக்கத் தொடங்கினாள். எவ்வளவு பாடுபட்டு அவளுக்குக் கிடைத்த வாய் அது! போயே போயிற்று. நான் வீட்டுக்குப் போய் இரவு இஷாத் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பிலேயே உட்கார்ந்திருப்பேன். பழைய குரலையே திருப்பிப் போடுவோமா? போட்டால் மறுபடியும் வீதிக்கு ஓடுவாளே. விடுவோமா? விட்டால் ஊமையாகிப் போவாளே. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர் நின்றது.

காவல் வேலை இல்லாத நேரங்களில் ஜவ்பர் அலகுக்கு வந்து உட்காரத் தொடங்கினார். நான் கூப்பிடவில்லை. தானாகத்தான் வந்தார். பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் ஒரு மாதிரியாக மடங்கி உட்கார்ந்திருப்பார். ஸுமையா அவரை ஒரு கதிரையாகத்தான் நடத்தினாள். சில நேரம் அவர் மீது சாய்வாள், சில நேரம் சுற்றிக்கொண்டு போவாள். நாங்கள் ஒரு விளையாட்டுச் செய்து பார்த்தோம். ரிஸ்னா முகப் படத்தை அமர்த்துவார். "வாப்பா." அந்தச் சத்தத்துக்கு ஜவ்பர் வாசலிலிருந்து எழும்பி வந்து ஸுமையாவின் முன்னால் நிற்பார். பிறகு திரும்பிப் போவார். மறுபடி "வாப்பா." மறுபடி வருவார். பார்க்கிறவர்களுக்கு எங்கள் எல்லோருக்கும் மண்டை கழன்றுவிட்டது என்று தோன்றியிருக்கும். ஸுமையா பாயின் நூலைப் பிரித்துக்கொண்டிருப்பாள். அவள் பார்க்கிறாளா, கேட்கிறாளா, ஒன்றும் தெரியாது. தவணை முடியும் தறுவாயில் நான் மனம் விட்டுவிட்டேன். அதை அவரிடமும் சொன்னேன்.

"தம்பி, எனக்கு இனி என்ன செய்யிற எண்டு விளங்குதில்ல."

"எனக்கும் விளங்குதில்லதான் டீச்சர்" என்றார். ஏதோ ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்.

அன்றைக்கு அவருக்குப் பின்னேர வேலை. பஸ் வருகிற நேரமாகிவிட்டது. "போய்ட்டு வாறன் மகள்" என்றார். அவள் திரும்பவில்லை. எனக்குச் சலாம் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிச் செருப்பில் காலை வைத்தார்.

"வாப்பா."

டெப்தான் பேசியது. நான் ரிஸ்னாவைப் பார்த்து முறைத்தேன். வேலைக்குப் போகிற மனிதனை இப்போதுமா பிடித்து விளையாடுவது? ரிஸ்னா அறையின் மறு மூலையில் நின்றார். இரண்டு கையிலும் பசை. அவர் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

டெப் ஸுமையாவின் மடியில் இருந்தது.

ஜவ்பர் ஒரு செருப்போடு உள்ளே வந்து அவள் முன்னால் நின்றார். அவள் நிமிரவில்லை. அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாகத் திரும்பி, வாசல் வரை போனார்.

"வாப்பா."

திரும்பி வந்தார். இந்த முறை அவள் கையை உதறி "ம்ம்" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு. அவரைப் பார்த்தா, அவர் வந்து போகிறதைப் பார்த்தா, எனக்குத் தெரியாது. வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் வாசலுக்குப் போனார். "வாப்பா." வந்தார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஏமாந்து போகப் போகிறாரே என்ற பயம். ஒரு தரம் கைதட்டல் வாங்கிச் சூடு பட்டவள் நான். பக்கத்தில் போய், தணிந்த குரலில் சொன்னேன்.

"தம்பி, மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. உங்களத்தான் கூப்பிடுறாவா, இல்ல அமத்தினா ஒரு ஆள் நடந்து வாறது அவவுக்கு விளையாட்டா இருக்கா, எனக்குச் சொல்லத் தெரியல்ல."

அவர் வாசலில் நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. பஸ் அவரை விட்டுவிட்டுப் போகிற சத்தம் கேட்டது.

"அது எதுவா வேணுமெண்டாலும் இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். அவ அமத்தினா நான் வரணும். அதானே?"

"வாப்பா" என்றது டெப். அவர் மற்றச் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.